பத்தாவது டிஃபென்சிவ் பேக் யார்? பந்து பறித்தவரா, பண்ட்டுக்கு ஓடுபவரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். அணிகளின் இறுதி ஆட்டக்காரர் பட்டியல் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரை தொடர்பாக எழுதுகிறேன். பின்வரிசையில் தடுத்தாடும் டிஃபென்சிவ் பேக்குகளை, ப்ரீசீசன் எனும் சீசனுக்கு முந்தைய ஆட்டங்களில் யார் எத்தனை இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தைப் பறிப்பது) எடுத்தார் என்று பார்த்து வரிசைப்படுத்தியிருந்தார் கட்டுரையாளர். மேலிருந்து ஒன்பது பேரை எண்ணிக்கொண்டு மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். "களத்தில் நிற்பது ஐந்து பேர், பட்டியலில் பத்துப் பேர் எதற்கு?" என்றும் கேட்டிருந்தார். கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு விடை தேடியிருந்தால் அந்த வரிசையே தலைகீழாகியிருக்கும்.

கணக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். பயிற்சி முகாமில் 90 பேர். ஆகஸ்ட் இறுதியில் ஒரே நாளில் அது 53 ஆகிறது. முன்பு சில ஆண்டுகளில் படிப்படியாகக் குறைத்தார்கள். 2023 முதல் ஒரே வெட்டுதான். 53-ல் உதைப்பதற்கென்றே இருக்கும் கிக்கர், பண்ட்டர், அவர்களுக்குப் பந்தைப் பின்னால் அனுப்பும் லாங் ஸ்னாப்பர் மூவரைக் கழித்தால் மிச்சம் 50. தாக்குதலுக்குப் பாதி, தடுப்புக்குப் பாதி என்று வைத்தால் தடுப்புக்கு 25. முன்வரிசைக்கும் விளிம்பில் பாய்பவர்களுக்கும் சேர்த்து ஒன்பது பத்து, அவர்களுக்குப் பின்னால் நிற்கும் நடு லைன்பேக்கர்களுக்கு ஐந்தாறு போக, டிஃபென்சிவ் பேக்குகளுக்கு ஒன்பதிலிருந்து பதினொன்று வரை கிடைக்கும். பெரும்பாலான அணிகள் பத்தில் நிற்கின்றன: பந்து பிடிக்க ஓடும் ரிசீவர்களைத் தொடரும் கார்னர்பேக் ஐந்து அல்லது ஆறு, கடைசி அரணாகப் பின்னால் நிற்கும் சேஃப்டி நான்கு அல்லது ஐந்து. ஆட்டத்தன்று சீருடை அணிவது 48 பேர். அதிலும் எட்டுப் பேராவது தாக்குதல் முன்வரிசையில் நிற்கும் லைன்மேன்களாக இருக்கவேண்டும். ஆகவே பத்து டிஃபென்சிவ் பேக்குகளில் ஒருவரோ இருவரோ சாதாரண உடையில் ஓரமாக நிற்பார்கள்.

மீதி எட்டு ஒன்பது பேரில் தடுப்பாட்டத்தில் தொடர்ந்து ஆடுவது ஐந்து பேர்: வெளிப்பக்கம் இரண்டு கார்னர், உள்ளே ஐந்தாவது ஆளாக ஒரு நிக்கல், பின்னால் இரண்டு சேஃப்டி. இன்றைய லீகில் பாதிக்கும் மேற்பட்ட ஸ்னாப்களில் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது ஒரு ஸ்னாப்) மூன்று ரிசீவர்கள் களத்தில் இருப்பதால் ஐந்தாவது டிஃபென்சிவ் பேக்கும் தொடக்க ஆட்டக்காரர்தான். 10 யார்டு முன்னேறத் தாக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு டவுன். நிறைய யார்டு தேவைப்படும் மூன்றாம் டவுனில் ஆறாவது ஆள் டைம் (dime) பேக்காக வருவார். இந்த ஆறு பேர் யார் என்பது முகாம் தொடங்கும் முன்பே ஏறக்குறைய தெரிந்துவிடும். யாருக்கு எவ்வளவு ஒப்பந்தப் பணம், அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் யார் எந்தச் சுற்றில் வந்தார் என்று பார்த்தாலே போதும். உண்மையான போட்டி ஏழாவது இடத்திலிருந்து பத்தாவது இடம் வரைக்கும்தான். அந்த நான்கு இடத்துக்கு அளவுகோலே வேறு. உதைக்கும் அணிகளில் (ஸ்பெஷல் டீம்ஸ்) இவருக்கு என்ன வேலை? இரண்டாவதாக எந்த இடத்தில் ஆடுவார்? விடுவித்தால் வேறு அணி கொத்திக்கொண்டு போகுமா? இந்த மூன்றில்தான் அந்த நான்கு இடமும் தீர்மானமாகின்றன. பந்தைப் பறிப்பது நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வரும்.

முதலில் இன்டர்செப்ஷனை ஓரமாக வைத்துவிடலாம். ப்ரீசீசனில் விழுவதில் பாதி, ரிசீவரின் கையில் பட்டு எகிறிய பந்தாகவோ, மூன்றாம் குவாட்டர்பேக் (பந்தை எறிபவர்) கண்மூடித்தனமாக எறிந்ததாகவோ இருக்கும். பறித்தவர் சரியான இடத்தில் நின்றிருக்கலாம். தன் ரிசீவரைத் தவறவிட்டுத் தற்செயலாக அங்கே வந்திருக்கவும் கூடும். எப்போது ஆடினார் என்பதும் முக்கியம். முதல் கால்பகுதியில் எதிரணியின் தொடக்க ரிசீவர்களோடு 15 ஸ்னாப் ஆடி, ஒரு பந்துகூடத் தன் பக்கம் வராமல் பார்த்துக்கொண்ட கார்னர், கடைசிக் கால்பகுதியில் வெட்டுப்படப் போகிறவர்களுக்கு எதிராக இரண்டு பந்து பறித்தவரைவிட நிச்சயம் மேல். புள்ளிவிவரத் தாளில் முன்னவருக்கு எல்லாமே பூஜ்யம்.

தொலைக்காட்சிப் படத்திலும் இது தெரியாது. ஸ்னாப் ஆனவுடன் கேமரா குவாட்டர்பேக்கைப் பிடித்துக்கொள்ளும். பின்னால் இருக்கும் சேஃப்டியும், பந்து போகாத பக்கத்துக் கார்னரும் சட்டகத்துக்கு வெளியே போய்விடுவார்கள். 22 பேரும் தெரியும் பயிற்சியாளர் படத்தைத்தான் பார்க்கவேண்டும். அதைக் கட்டணம் செலுத்தினால் எவரும் பார்க்கலாம். அதில் ரிசீவர்களைத் தடுத்தாடும் ஒவ்வொரு கவரேஜ் ஸ்னாப்பிலும் ஒரே ஆளைத் தொடர்ந்து பார்த்து, ரிசீவர் திரும்பும் கணத்தில் இருவருக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருந்தது என்று குறித்துக்கொள்ளவேண்டும். பந்து வந்ததா, பிடிக்கப்பட்டதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

ஒரு ஸ்னாப்பை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் டவுன், 7 யார்டு தேவை. ரிசீவர் வெளிப்பக்கம் தனியாக நிற்கிறார். கார்னர் ஒரு யார்டு இடைவெளியில் பிரெஸ் நிலையில், அதாவது முகத்துக்கு முகமாக. ஸ்னாப் ஆனதும் ரிசீவர் உள்பக்கம் போவதுபோல் ஒரு எட்டு வைத்துவிட்டு வெளியே பாய்கிறார். தேறாத கார்னர் அந்தப் பொய்யடியை நம்பி இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் நீட்டி முன்னால் சாய்வார். கை நீளும்போது கால் நின்றுவிடும். நான்காவது யார்டில் ரிசீவர் தோளுக்குத் தோள் வந்துவிடுவார், ஆறாவது யார்டில் தாண்டிவிடுவார். அப்போது பதறிப்போய் ஜெர்ஸியைப் பிடிக்க, நடுவரின் தண்டனைக் கொடி விழும். ஸ்னாப் நடந்த கோட்டிலிருந்து 5 யார்டுக்கு அப்பால் தொட்டால் இல்லீகல் கான்டாக்ட். தண்டனை 5 யார்டுதான், ஆனால் கூடவே தானாக முதல் டவுன். 7 யார்டு தேவைப்பட்ட இடத்தில் 5 யார்டு கொடுத்துத் தொடரையே உயிர்ப்பித்துவிடுகிறார். டிஃபென்சிவ் ஹோல்டிங்கும் இதே விலைதான்.

தேறிய கார்னர் அதே பொய்யடிக்குப் பின்காலைச் சற்றே பின்னுக்குத் தள்ளிக் காத்திருப்பார். ரிசீவர் உண்மையில் எந்தப் பக்கம் போகிறார் என்பது அவர் இடுப்பில் தெரிந்த பிறகே ஒரு கை மட்டும் நெஞ்சுப் பக்கம் போகும். பிறகு ரிசீவரின் இடுப்போடு ஒட்டி ஓடி, எல்லைக்கோட்டை நோக்கி அவரை நெருக்கிக்கொண்டே போவார். குவாட்டர்பேக்குக்கு எறிய இடமே இருக்காது. அடுத்ததாகக் கவனிக்கவேண்டியது தலை எப்போது திரும்புகிறது என்பது. ரிசீவரோடு ஒட்டியிருந்தால் மட்டும் பந்தைத் தேடித் திரும்பவேண்டும். ஓர் எட்டு பின்தங்கியிருந்தால் திரும்பக் கூடாது. திரும்பினால் வேகம் குறைந்து இடைவெளி இரட்டிப்பாகும். அந்த நிலையில் ரிசீவரின் கண்ணையும் கையையும் பார்த்து, கை மேலே எழும்போது இடையில் கையை விட்டுத் தட்டவேண்டும். இந்த இரண்டையும் மாற்றிச் செய்பவர்கள்தான் பாஸ் இன்டர்ஃபியரன்ஸில் (பந்தைப் பிடிக்கவிடாமல் ஆளைத் தடுக்கும் குற்றம்) மாட்டுகிறார்கள். அதற்குத் தண்டனை குற்றம் நடந்த இடத்திலேயே பந்து. 40 யார்டு வீச்சென்றால் 40 யார்டும் போச்சு. களத்தின் கடைசிப் பகுதியான எண்ட் ஸோனுக்குள் நடந்தால் 1 யார்டு கோட்டில் முதல் டவுன்.

கல்லூரியிலிருந்து வரும் புதியவர்களை எடைபோடும்போது இந்த விதி வித்தியாசத்தை மறக்கக் கூடாது. கல்லூரி ஆட்டத்தில் இன்டர்ஃபியரன்ஸுக்கு அதிகபட்சம் 15 யார்டுதான். 5 யார்டு எல்லையும் கிடையாது. பந்து காற்றில் ஏறும் வரை, முன்னால் இருக்கும் ரிசீவரைத் தொட்டுத் தள்ளிக்கொண்டே போகலாம். அங்கே கைபலத்தில் பிழைத்தவர்களுக்கு இங்கே ஆகஸ்ட் முழுக்கக் கொடிதான். ஆட்டம் எந்த இடத்திலிருந்து தொடங்கலாம் என்று களத்தின் நடுவில் எல்லை காட்டும் ஹாஷ் கோடுகளும் வேறு. களத்தின் அகலம் இரண்டிலும் 160 அடி. ஆனால் கல்லூரியில் இரு ஹாஷ் கோடுகளுக்கு இடையே 40 அடி, என்.எஃப்.எல்.-ல் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஹாஷில் இருந்தால் குறுகிய பக்கம் 60 அடிதான். அந்தப் பக்கத்திலேயே ஆடிப் பழகிய கார்னருக்கு எல்லைக்கோடே பாதி வேலையைச் செய்துவிடும். என்.எஃப்.எல்.-ல் குறுகிய பக்கமே 70 அடி 9 அங்குலம். கல்லூரிப் படத்தில் வேகமாகத் தெரிந்தவர் இங்கே தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். முகாமில் முதல் இரண்டு வாரம் கொடி வாங்கிவிட்டு மூன்றாவது வாரத்தில் கையை அடக்கிக்கொள்ளும் புதியவரை வைத்துக்கொள்ளலாம். கடைசி ஆட்டம் வரைக்கும் அதே கொடி என்றால், அவர் காலில்தான் கோளாறு. கை வெறும் அறிகுறி.

அடுத்து நிக்கல். கட்டுரையில் கார்னர்பேக் என்ற ஒரே தலைப்பின் கீழ் எல்லோரையும் அடுக்கியிருந்தது எனக்கு உறுத்தியது இங்கேதான். வெளிப்பக்க ஆறாவது கார்னரை, தொடக்க நிக்கல் காயப்பட்டால் உள்ளே தள்ளிக்கொள்ளலாம் என்று நினைப்பது பட்டியல் போடுவதில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. வெளியே ஆடுபவருக்கு எல்லைக்கோடு துணை, ரிசீவருக்குப் பாதி வழி அடைபட்டிருக்கும். உள்ளே, முன்வரிசைக்கும் வெளிப்பக்க ரிசீவருக்கும் இடையே ஸ்லாட்டில் நிற்கும் ரிசீவர் இரண்டு பக்கமும் போகலாம். இரண்டாவது அடியிலேயே திரும்பலாம். பக்கத்து ரிசீவரின் பாதையைக் குறுக்கே விட்டு மறிக்கலாம். அங்கே தேவை 40 யார்டு நேர் ஓட்டத்தின் வேகமல்ல. நின்று, திரும்பி, மறுபடி கிளம்பும் வேகம். அதனால்தான் நிக்கலுக்குச் சோதனை எண்களில் திரும்பித் திரும்பி ஓடும் ஷார்ட் ஷட்டிலையும் மூன்று கூம்பு ஓட்டத்தையும் பார்க்கவேண்டும் என்பது.

அதோடு தீரவில்லை. ஐந்து டிஃபென்சிவ் பேக் களத்தில் இருக்கும்போது எதிரணி பந்தைச் சுமந்து ஓடினால், நிக்கல் நிற்கும் இடம் ஒரு லைன்பேக்கரின் இடம். எதிரணி முன்வரிசையின் ஓரத்தில் நிற்கும் டைட் எண்ட் வந்து மோதும்போது வெளிக்கையை விடுவித்துக்கொண்டு விளிம்பை அடைக்கவேண்டும். அதில் அவர் விழுந்தால் 4 யார்டு ஓட்டம் 14 யார்டாகும். எதிரணி ஒரு முறை அதைக் கண்டுவிட்டால் ஆட்டம் முழுக்க அந்தப் பக்கமே ஓடும். குவாட்டர்பேக்கை நோக்கிப் பாயும் ப்ளிட்ஸ் போகத் தெரியவேண்டும், ரிசீவர்கள் குறுக்கே கடக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் வாயால் சொல்லிக் கைமாற்றத் தெரியவேண்டும். ஆகவே மாற்று நிக்கல் பெரும்பாலும் சேஃப்டிகளிடையே கிடைப்பார், ஐந்தாவது ஆறாவது கார்னரிடம் அல்ல. மூன்றாவது சேஃப்டி நிக்கலும் ஆடுவார் என்றால் ஒரு இடம் மிச்சம். அந்த மிச்ச இடத்தில்தான் பல அணிகள் விளிம்பில் பாயும் ஒரு கூடுதல் பாஸ் ரஷரை வைத்துக்கொள்கின்றன.

கார்னர் சேஃப்டியாவது பற்றியும் ஒரு வார்த்தை. நேர்வேகம் குறைந்தவுடன் பின்னால் தள்ளிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். டெவின் மெக்கோர்ட்டி 2010-ல் முதல் சுற்றில் கார்னராக வந்து, 2012-ல் சேஃப்டியாக மாறி, நியூ இங்கிலாந்தின் பின்வரிசையை ஆண்டுக்கணக்கில் நடத்தினார். அது நடந்தது வேகத்தால் அல்ல, பேச்சால். எதிரணி ஆட்டக்காரர் ஒருவர் ஸ்னாப்புக்கு முன் மோஷனில் இடம்பெயர்ந்தால், யார் யாரை எடுப்பது என்று இரண்டு விநாடிக்குள் சொல்லிமுடிக்கவேண்டும். சொல்வது கேட்காவிட்டால் கையால் காட்டவேண்டும். கார்னர் தப்பு செய்தால் 20 யார்டு போகும். கடைசி ஆளான சேஃப்டி தப்பு செய்தால் டச்டவுன். இதை ப்ரீசீசன் ஆட்டத்தில் முழுதாக எடைபோட முடியாது என்பதையும் சொல்லியாகவேண்டும். அணிகள் தங்கள் உண்மையான திட்டங்களை அப்போது காட்டுவதில்லை. இரண்டு மூன்று எளிய கவரேஜ்களோடு நிறுத்திக்கொள்கின்றன. நாம் படத்தில் பார்க்கக்கூடியது ஓடிவரும் ஆளை நோக்கி எந்தக் கோணத்தில் வருகிறார் என்பது. பக்கத்து இடுப்பைக் குறிவைத்து வருகிறாரா, நேர் நெஞ்சுக்கு வந்து ஏமாறுகிறாரா? ஆளைப் பிடித்து வீழ்த்தும் டாக்கிளைத் திறந்த வெளியில் மூன்று முறை தவறவிட்ட நான்காவது சேஃப்டியைக் காப்பாற்ற உதைக்கும் அணிகளாலும் முடியாது. அங்கேயும் அதே வேலைதான்.

இனி ஸ்பெஷல் டீம்ஸ். ஏழாவது இடத்துக்குக் கீழே உள்ளவர்களின் அன்றாடச் சோறு இதுதான். ஆட்டத்தைத் தொடங்கும் உதையான கிக்காஃப், அதைப் பிடித்து ஓடும் கிக்காஃப் ரிட்டர்ன், பந்தை எதிரணிக்கு விட்டுக்கொடுக்கும் உதையான பண்ட், அதைப் பிடித்து ஓடும் பண்ட் ரிட்டர்ன் ஆகிய நான்கில் குறைந்தது மூன்றிலாவது பெயர் இல்லாத மாற்று ஆட்டக்காரருக்கு ஆட்டத்தன்று சீருடை கொடுப்பது அணிக்கு நட்டம். நியூ இங்கிலாந்தின் மேத்யூ ஸ்லேட்டர் பட்டியலில் ரிசீவர். 16 சீசன்களில் அவர் பிடித்த பாஸ் ஒன்றே ஒன்று. ஸ்பெஷல் டீம்ஸுக்காக, ஆண்டின் சிறந்தவர்களுக்கான ப்ரோ பவுலுக்குப் போனதோ 10 முறை. பயிற்சியாளர் பில் பெலிசிக் அவருக்கென்று ஓர் இடத்தைக் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

பண்ட்டில் விளிம்பிலிருந்து ஓடிப்போய்ப் பந்து பிடிப்பவரை மடக்கும் கன்னர் வேலை கார்னர்களுக்கே பொருந்தும். பந்து உதைக்கப்படும் முன் கோட்டைத் தாண்டிப் போகலாம் என்ற அனுமதி இரு விளிம்பிலும் நிற்கும் இருவருக்கு மட்டும்தான் உண்டு. அவர்களை மறிக்க எதிரணி ஒவ்வொருவருக்கும் ஒருவரையோ இருவரையோ நிறுத்தும். நல்ல பண்ட் காற்றில் நாலரை விநாடி நிற்கும். அதற்குள் கன்னர் இருவரிடமிருந்து பிய்த்துக்கொண்டு 45 யார்டு ஓடி, பந்து பிடிப்பவருக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து நிற்கவேண்டும். நிற்காமல் போனால் பிடித்தவர் ஓர் எட்டு ஒதுங்கி விட்டுவிடுவார். பிடிக்குமுன் மோதினால் 15 யார்டு தண்டனை. எல்லைக்கோட்டுக்கு வெளியே தள்ளப்பட்டால் உடனே உள்ளே திரும்பியாகவேண்டும், ஓரமாகவே ஓடிக்கொண்டிருந்தால் அதற்கும் கொடி. பந்து 3 யார்டு கோட்டில் குதித்து எண்ட் ஸோனை நோக்கிப் போகும்போது, கோல் கோட்டை மிதிக்காமல் அதைத் தட்டி நிறுத்தத் தெரிந்தவர் அணிக்கு அந்த ஒரு கணத்தில் 17 யார்டு சம்பாதித்துத் தருகிறார் (உள்ளே போயிருந்தால் எதிரணி 20-லிருந்து தொடங்கும்). மறுபக்கம், பண்ட் ரிட்டர்னில் அதே கன்னரை மறிப்பதும் பிரெஸ் கார்னரின் வேலையேதான். ஒரே திறமைக்கு இரண்டு இடத்தில் வேலை.

கிக்காஃப் விதி 2024-ல் மாறியது இந்தக் கணக்கைப் புரட்டிப்போட்டது. அதுவரை உதைக்கும் அணியினர் களம் முழுக்க ஓடிவந்தார்கள், வேகம்தான் எல்லாம். இப்போது கிக்கர் மட்டும் தன் பக்கத்து 35 யார்டு கோட்டில் நிற்கிறார். மற்ற 10 பேரும் எதிரணியின் 40 யார்டு கோட்டில் வரிசையாக நிற்கிறார்கள். மறிக்க வேண்டிய எதிரணியினர் தங்கள் 35-க்கும் 30-க்கும் இடைப்பட்ட பட்டையில். பந்து விழும் வரையோ, பிடிக்கப்படும் வரையோ இரு தரப்பும் நகரக் கூடாது. இடைவெளி ஐந்து யார்டு. அங்கே தேவை, மோதி, கையை உதறி, இடைவெளியை அடைத்து டாக்கிள் செய்வது. ஒல்லியான வேகக் கார்னரைவிட முரட்டுச் சேஃப்டிக்கு இதில் மதிப்பு கூடிவிட்டது. நேராக எண்ட் ஸோனுக்குள் போய் நிற்கும் பந்துக்கு, பிடிக்கும் அணி தொடங்கும் இடம் 30 யார்டு கோடு என்றிருந்ததை 2025-ல் 35 ஆக்கினார்கள். அவ்வளவு களத்தை இனாமாகக் கொடுக்க மனமில்லாத அணிகள் பந்தைக் களத்துக்குள்ளேயே விழவைக்கின்றன. ரிட்டர்ன்கள் பெருகின. ஐந்தாவது சேஃப்டியா ஆறாவது கார்னரா என்ற பழைய வாதத்தில், கிக்காஃபை மட்டும் பார்த்தால், நான் இப்போது சேஃப்டி பக்கம். மூன்று ஆண்டுக்கு முன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

மூன்றாவது கேள்வி தாளில் நடப்பது. நான்கு சீசன் அனுபவம் சேர்க்காத ஆட்டக்காரரை விடுவித்தால் அவர் வேய்வர் பட்டியலுக்குப் போகிறார். மறுநாள் நண்பகல் வரை எந்த அணியும் அவரைக் கேட்கலாம். சீசன் தொடக்கத்தில் முந்தைய ஆண்டு மோசமாக ஆடிய அணிக்கு முன்னுரிமை. யாரும் கேட்காவிட்டால்தான் 16 பேர் கொண்ட பயிற்சி அணிக்குத் திரும்பக் கூப்பிட முடியும். நான்கு சீசன் முடித்தவருக்கு ஆகஸ்டில் வேய்வர் கிடையாது. விடுவித்த நிமிடமே அவர் சுதந்திர ஆள். இந்த வித்தியாசத்தை வைத்து அணிகள் ஒரு விளையாட்டு ஆடுகின்றன. அனுபவசாலி சேஃப்டியை வெட்டுகிறார்கள், அவரோடு முன்பே பேசிவைத்துக்கொண்டு. காயப்பட்ட ஒருவரை அந்த இடத்தில் ஒரு நாள் வைத்திருந்து மறுநாள் காயப் பட்டியலுக்கு மாற்றுகிறார்கள். பிறகு அந்தச் சேஃப்டி திரும்பி வருகிறார். 53-க்குள் வராமல் முன்பே காயப் பட்டியலுக்குப் போனவர் அந்த ஆண்டு திரும்ப முடியாது என்பதால்தான் இந்தச் சுற்றுவழி. 2024 முதல் வெட்டு நாளிலேயே இருவரைத் திரும்பி வரும் உரிமையோடு காயப் பட்டியலில் வைக்கலாம், ஆனால் அது ஆண்டுக்கு எட்டு என்ற மொத்தக் கணக்கில் கழியும். இன்னொன்று: முதல் வாரப் பட்டியலில் இருக்கும் அனுபவசாலியை அதன்பின் வெட்டினால், அந்த ஆண்டின் மிச்ச அடிப்படைச் சம்பளத்தை அவர் வாழ்நாளில் ஒரு முறை கோரலாம். எனவே சிலர் இரண்டாவது வாரத்தில்தான் கையெழுத்திடக் கூப்பிடப்படுகிறார்கள்.

விடுவித்தால் கொத்திப் போவார்கள் என்ற பயம் பெரும்பாலும் மிகை என்பது என் கருத்து. 32 அணிகள் தலா 37 பேரைக் குறைத்தால் 1,184 பேர். காயப் பட்டியல் முதலானவற்றைக் கழித்தாலும் மிச்சம் பெரிய கூட்டம். அதில் வேய்வரில் எடுக்கப்படுவது ஆண்டுதோறும் சில பத்துப் பேர்தான். அப்படியும் அதில் கார்னர்கள் அடிக்கடி இருப்பார்கள். நீண்ட கையும் நல்ல வேகமும் உள்ள இளம் கார்னரை எல்லா அணியும் தேடுகிறது. ஆகவே நான்காம் சுற்றில் எடுத்த, ஆகஸ்டில் சொதப்பிய கார்னரைக் காப்பாற்றுவதில் அர்த்தமுண்டு. ஐந்தாவது சேஃப்டியை ஒளித்துவைப்பதில் அவ்வளவு இல்லை. வெட்டுவதைவிட விற்பதும் ஒரு வழி. 2018 ஆகஸ்டில் டாலஸ், யாரும் டிராஃப்டில் எடுக்காத கார்னர் சார்வேரியஸ் வார்டைக் கான்சஸ் சிட்டிக்குக் கொடுத்து, கார்டு (guard) இடத்தில் ஆடும் ஒரு தாக்குதல் லைன்மேனை வாங்கிக்கொண்டது. அந்த வார்டு 2020 பிப்ரவரியில் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்ற அணியின் தொடக்கக் கார்னர். ஓர் அணியின் ஏழாவது ஆள் இன்னொரு அணியின் இரண்டாவது ஆளாக இருக்கக் காரணம், அந்தந்த அணி ஆடும் பாணி.

பாணிக்கு நல்ல உதாரணம் சியாட்டில். அங்கே அப்போது பயிற்சியாளராக இருந்த பீட் கேரலின் அணி 32 அங்குலத்துக்குக் குறையாத கையை விரும்பியது. களத்தை மூன்றாகப் பிரித்து ஆடும் கவரேஜில், வெளிப்பக்கக் கார்னர் பிரெஸ் நிலையிலிருந்து ஆழத்துக்கு ஓடவேண்டும். நீண்ட கை அங்கே இழந்த ஓர் எட்டை மீட்டுக்கொடுக்கும். ரிச்சர்ட் ஷெர்மன் 2011-ல் ஐந்தாம் சுற்று, பிராண்டன் பிரௌனர் கனடா லீகிலிருந்து வந்தவர், பைரன் மாக்ஸ்வெல் ஆறாம் சுற்று. ஆளைத் தொடர்ந்து உள்ளே வெளியே ஓடும் அணியில் இவர்களில் ஒருவர் வெட்டுப்பட்டிருக்கலாம். கட்டுரையாளர் ஒரே பட்டியலை எல்லா அணிக்கும் பொருந்துவதுபோல் போட்டதில் இது விடுபட்டுவிட்டது.

அடிமட்டத்து ஆள் எதற்கு என்பதற்கு 2015 பிப்ரவரி 1-ஐப் பார்க்கலாம். சூப்பர் பவுல், நியூ இங்கிலாந்து 28-24 என்று முன்னிலை, சியாட்டில் 1 யார்டு கோட்டில், இரண்டாம் டவுன். நியூ இங்கிலாந்து கோல் கோட்டில் மூன்று கார்னர் நிற்கும் அமைப்பை இறக்கியது. மூன்றாவது கார்னராக ஓடிவந்தவர் மால்கம் பட்லர், டிராஃப்டில் எடுக்கப்படாத புதியவர். அதே ஆட்டத்தைப் பயிற்சியில் எதிர்கொண்டு தோற்றிருந்தார். பிரௌனர் அதற்குள் சியாட்டிலிலிருந்து நியூ இங்கிலாந்துக்கு மாறியிருந்தார். முன்னால் நின்ற ரிசீவரை அவர் அசையவிடாமல் பிடித்து நிறுத்த, பின்னாலிருந்து பட்லர் நேர்க்கோட்டில் பாய்ந்து பறித்தார். எல்லோரும் அந்தப் பறிப்பைப் பார்க்கிறார்கள். பட்டியல் போடுகிறவர் பார்க்கவேண்டியது, கோல் கோட்டுக்கு மூன்று கார்னர் என்ற அமைப்பு இருந்ததையும், மூன்றாவது ஆளுக்கு அதில் தன் வேலை தெரிந்திருந்ததையும்.

இவ்வளவும் சேர்த்துப் பத்துப் பேரை எப்படி நிரப்புவது? தொடக்க ஐவர். ஆறாவது, நிக்கலும் ஆடக்கூடிய மூன்றாவது சேஃப்டி. ஏழாவது, இரு பக்கமும் வெளியே ஆடக்கூடிய கார்னர். தொடக்கக் கார்னர் தொடைத்தசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் நேராக உள்ளே போகவேண்டியவர் இவர், ஆகவே இவருக்கு மட்டும் உதைக்கும் அணிகளில் சலுகை தரலாம். எட்டாவது, கன்னர். ஒன்பதாவது, கிக்காஃபிலும் பண்ட்டிலும் ஆடும் நான்காவது சேஃப்டி. பண்ட்டருக்கு முன்னால் நின்று வரிசையைச் சரிசெய்யும் வேலையும் தெரிந்தவரென்றால் விட்டுவிடவே கூடாது. பத்தாவது, அந்த இளம் நீண்டகைக் கார்னர். அவர் செப்டம்பரில் பெரும்பாலும் சாதாரண உடையில்தான் நிற்பார். தொடக்கக் கார்னர் இருவரில் ஒருவர் முந்தைய ஆண்டு முழங்கால் அறுவைச் சிகிச்சையிலிருந்து வருகிறார் என்றால் மட்டும் இந்தப் பத்தாவது இடத்தை இன்றே ஆடத் தயாரான அனுபவசாலிக்குக் கொடுப்பேன்.

பயிற்சி அணியிலும் இரண்டு மூன்று டிஃபென்சிவ் பேக்குகளை வைத்திருக்கவேண்டும். தொடைத்தசைக் காயம் இவர்களிடையே அவ்வளவு சகஜம். வாரத்துக்கு இருவரை ஆட்டத்துக்கு மேலே கொண்டுவரலாம், ஆனால் ஒரே ஆளை ஒரு சீசனில் மூன்று முறைதான். நான்காவது முறை வேண்டுமென்றால் 53-ல் சேர்க்கவேண்டும். இடைப்பட்ட காலத்தில் வேறு எந்த அணியும் அவரைத் தன் 53-க்கு அழைத்துக்கொண்டு போகலாம். 2025-ல் பயிற்சி அணியின் அடிப்படை வாரச் சம்பளம் 13,000 டாலர். 53-ல் புதியவருக்குக் குறைந்தபட்சமே ஆண்டுக்கு 8,40,000 டாலர். கூப்பிட்டால் போகாதவர் யார்?

ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு இந்தப் பட்டியலை வெளியிடும்போது வெட்டு நாளான செவ்வாய் மாலை வந்ததை அப்படியே அச்சிடவேண்டாம். புதன் நண்பகல் வேய்வர் முடிவு வரும், அதற்குப் பிறகு காயப் பட்டியல் மாற்றமும் பழைய ஆட்களின் திரும்பி வருகையும். வெள்ளிக்கிழமை இதழுக்கு வைத்தால், ஒன்பதாவது பத்தாவது பெயர்களில் ஒன்றாவது மாறியிருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் விளையாட்டுப் பக்க வாசகர்